பெகுவில் இன்ஜின் உள்பேரிங் மாற்றித் தரும் பட்டறை: ஒரு மதிப்புரை

மோட்டார் சைக்கிள் இன்ஜினை இறக்கி, அதன் வெளிக்கூடான கேஸை இரண்டாகப் பிரித்து, உள்ளே தேய்ந்துபோன பேரிங்குகளை (இரண்டு எஃகு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் ஓட, சுழலும் தண்டைத் தாங்கும் சாமான்களை) மாற்ற வேண்டிய கட்டாயத்துக்கு வந்துவிட்டவர்கள் பர்மாவிலுள்ள பெகுவிலோ அதைச் சுற்றியுள்ள ஊர்களிலோ இருந்தால், அவர்களுக்கு நான் இந்தப் பட்டறையைத் தயங்காமல் சொல்வேன். காலையில் விட்ட வண்டி மாலையில் வேண்டும் என்பவர்களுக்குச் சொல்ல மாட்டேன். இங்கே வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. ஆனால் அந்த நேரமெல்லாம் எதில் செலவாகிறது என்பதை அருகில் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால், அதைக் குறை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. புதுப் பேரிங் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதை உள்ளே இறக்கும் விதத்தில் தவறினால் முதல் நாளே அது பாழாகிவிடும். அந்த ஒரு விஷயத்தில் இவர்கள் காட்டும் கவனத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ரயில் நிலையத்திலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஷ்வேமோடோ பகோடாவை நோக்கிப் போகும் வழியில் ஒரு சந்துக்குள், தகரக் கூரை போட்ட கொட்டகையாக அது இருக்கிறது. நம்மவர்களிடம் "லேத்துக்கார அண்ணன் பட்டறை" என்று கேட்டால் வழி காட்டிவிடுவார்கள். அண்ணன் வாடிக்கையாளரோடு தமிழிலும், வேலை பழகும் பையன்களோடு பர்மிய மொழியிலும் பேசுவார். இரங்கூன் நகருக்குள் 2003ஆம் ஆண்டு முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருந்தாலும், அங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளியுள்ள பெகுவில் சந்தைக்கும் வயலுக்கும் பள்ளிக்கும் எல்லாரும் மோட்டார் சைக்கிளில்தான் போகிறோம். பட்டறைகளும் தெருவுக்குத் தெரு உண்டு. ஆயில் மாற்றவும், செயின் மாற்றவும், பிரேக் சரிபார்க்கவும் அவற்றில் எது வேண்டுமானாலும் போதும். கேஸைப் பிரிக்கிற வேலைக்கு அப்படி எந்தப் பட்டறையிலும் வண்டியை விட்டுவிட முடியாது.

என்னுடையது தாய்லாந்திலிருந்து வந்த 125 சிசி வண்டி. சிலிண்டர் முன்னோக்கிப் படுத்திருக்கும், நான்கு கியர், கையில் கிளட்ச் கிடையாது. 2023 அக்டோபரில் பெகுவைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, எங்கள் தெருவில் நின்ற வண்டிகள் பலவும் இன்ஜினுக்கு மேல் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் ஆயிலை இறக்கினால், பால் கலந்த தேநீரின் நிறத்தில் வந்தது. புது ஆயில் ஊற்றி, சற்று நேரம் ஓடவிட்டு, மறுபடியும் இறக்கி, நிறம் தெளியும் வரை அதைச் செய்த பிறகு வண்டி நன்றாகவே ஓடியது. ஆனால் ஆயில் தெளிந்துவிட்டது என்பதற்காகப் பேரிங் தப்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பேரிங் செய்யும் எஃகில் சுமார் 1 சதவீதம் கார்பனும் 1.5 சதவீதம் குரோமியமும்தான் இருக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்ல வேண்டுமானால் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதமாவது வேண்டும். ஆகவே பேரிங் எஃகு மிகக் கடினமானதாக இருந்தும், தண்ணீர் நின்றால் துருவுக்கு இடம் கொடுத்துவிடுகிறது. குண்டு வளையத்தைத் தொடும் இடத்தில் ஊசிமுனை அளவுக்குத் துரு அரித்தாலும் போதும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை குண்டு அந்தக் குழியைக் கடக்கும்போது அதன் ஓரங்கள் உதிர்ந்து, உதிர்ந்த தூள் ஆயிலோடு கலந்து, நல்ல நிலையில் இருந்த மற்ற பேரிங்குகளையும் அரிக்கத் தொடங்கிவிடும்.

என் வண்டியிலும் அதுதான் நடந்தது. முதலில் வேகம் கூடும்போது மட்டும் காலடியில் ஒரு மெல்லிய உறுமல் கேட்டது. பின்னர் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு போகையில் அது தெளிவாகவே கேட்டது. கால் வைக்கும் கம்பியில் ஓர் அதிர்வும் சேர்ந்துகொண்டது. வேறொரு பட்டறையில் டேப்பெட்டை (வால்வின் இடைவெளியை) சரிசெய்து, டைமிங் செயினையும் மாற்றிக் கொடுத்தார்கள். பணம் போனது, சத்தம் போகவில்லை. டேப்பெட்டின் சத்தம் "டிக் டிக்" என்று தனித்தனியாகக் கேட்கும். பேரிங்கின் சத்தம் விட்டு விட்டு வராமல் ஒரே இழையாக உறுமும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லக் காது வேண்டும், பொறுமையும் வேண்டும்.

அந்தக் காதும் பொறுமையும் அண்ணனிடம் இருந்தன. வண்டியை உள்ளே தள்ளியதும் அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. நடு ஸ்டாண்ட் போட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் கேஸில் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் அழுத்திக்கொண்டு, கிராங்கின் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டின்) இடப்பக்கம், வலப்பக்கம், கியர்பாக்ஸ் என்று ஒவ்வோர் இடமாகக் கேட்டார். நியூட்ரலில் ஆக்சிலேட்டரை ஏற்றினாலே உறுமல் வந்தால், சந்தேகம் கிராங்க் பேரிங்கின் மீதும் கிளட்சிலிருந்து சுழற்சியை வாங்கும் மெயின் ஷாஃப்ட் பேரிங்கின் மீதும் விழும். கியர் போட்டுப் பின்சக்கரம் சுற்றும்போது மட்டும் புதிதாக ஒரு சத்தம் சேர்ந்தால், அதைப் பின்சக்கரத்துக்குக் கடத்தும் கவுண்டர் ஷாஃப்டின் மீது விழும். என் வண்டியில் இரண்டு விதமாகவும் சத்தம் வந்தது. அடுத்து மேக்னட் மூடியைக் கழற்றி, கிராங்கின் முனையில் பூட்டிய மேக்னட்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். உள்ளும் புறமும் நூலளவு ஆட்டம் இருக்கலாம். மேலும் கீழும் கைக்குத் தெரிகிற ஆட்டம் இருக்கவே கூடாது. பிறகு ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்து, மினுக்கிய துகள்களின் அடியில் காந்தத்தை நகர்த்தினார். ஒட்டியவை எஃகுத் துகள்கள், ஒட்டாமல் கிடந்தவை அலுமினியம். ஒட்டியவையே அதிகம். இவ்வளவையும் பார்த்த பிறகுதான் "இன்ஜின் இறக்கணும்" என்றார். கேட்டவுடனே இன்ஜினை இறக்கச் சொல்லும் பட்டறைகளுக்கும், கடைசி வரை இறக்காமலே காசு வாங்கும் பட்டறைகளுக்கும் நடுவே, இப்படி ஆதாரம் காட்டிச் சொல்வது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பிரிக்கும் வேலையில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கேஸைச் சுற்றியுள்ள போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. நீளமானதைக் குட்டையான துளையில் முறுக்கினால் அலுமினியத்தின் மரை போய்விடும், சில இடங்களில் கேஸே விரிசல் விடும். இங்கே ஓர் அட்டையில் கேஸின் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளையிட்டு, கழற்றிய போல்ட்டை அந்தத் துளையிலேயே குத்தி வைக்கிறார்கள். வேலை பழகும் சிறுவனும் அதைத் தவறாமல் செய்தான். மேக்னட்டைப் புல்லர் என்னும் இழுக்கும் கருவியால்தான் எடுத்தார்கள். கிளட்ச் நட்டுக்கு அதற்கேற்ற சாக்கெட் வைத்திருந்தார்கள். இறுகிப்போன ஸ்க்ரூக்களை இம்பாக்ட் டிரைவரால் தலை சிதையாமல் கழற்றினார்கள். கேஸின் இரு பாதிகள் ஒட்டிக்கொண்டு வர மறுத்தபோது, இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பாமல், கேஸின் தடித்த பகுதிகளில் பிளாஸ்டிக் சுத்தியலால் மாற்றி மாற்றித் தட்டியே பிரித்தார்கள். இணையும் முகத்தில் ஒருமுறை கீறல் விழுந்தால், பிறகு எத்தனை பேக்கிங் போட்டாலும் அந்த இடத்தில் ஆயில் கசிந்துகொண்டேதான் இருக்கும்.

கழற்றிய பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, அண்ணன் என் கையில் கொடுத்து, "தம்பி, நீங்களே சுத்திப் பாருங்க" என்றார். ஆயில் இருக்கும்வரை தேய்ந்த பேரிங்கும் வழவழவென்றுதான் சுற்றும். கழுவிக் காய்ந்த பின்புதான் அதன் உண்மை நிலை விரலுக்குத் தெரியும். இடப்பக்கக் கிராங்க் பேரிங் சுற்றுக்குச் சுற்று நெருடியது. குண்டுகளைத் தள்ளிவிட்டு வெளிவளையத்தின் உட்புறத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது, அடிப்பகுதியில் வரிசையாகக் கருத்த குழிகள் தெரிந்தன. ஒரு குழிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் உள்ள இடைவெளியேதான். ஓடித் தேய்ந்த பேரிங்கில் அப்படி அளந்து வைத்த வரிசை வராது. கிராங்க் அசையாமல் நின்ற நாட்களில், ஒவ்வொரு குண்டும் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் தண்ணீர் தங்கி அரித்த தடம் அது. வெள்ளத்தில் நின்று, இன்னும் சத்தம் எழும்பாத வண்டிகள் இந்த ஊரில் எத்தனையோ இருக்கும். அவற்றை ஓட்டுகிறவர்கள் இந்தக் குழிகளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

புதுப் பேரிங் வாங்குவதில் நானும் கூடவே இருந்தேன். நம்மில் பலர் "அந்த வண்டிக்குரிய பேரிங்" என்று கேட்டு வாங்கிவிடுகிறோம். பேரிங்கின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரர் கொடுப்பதை நாமே சரிபார்த்துக்கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, 6203 என்றால் உள்துளை 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். 6304 என்றால் முறையே 20, 52, 15. கடைசி இரண்டு இலக்கங்கள் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால், அதை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் அளவு கிடைத்துவிடும். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளை அலட்சியமாக விடுவதுதான் பெரிய ஆபத்து. சி3 என்று இருந்தால், குண்டுக்கும் வளையத்துக்கும் இடையே வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி விட்டுச் செய்திருக்கிறார்கள் என்று பொருள்: 20 மில்லிமீட்டர் உள்துளையுள்ள சாதாரணப் பேரிங்கில் அந்த இடைவெளி 5 முதல் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை, சி3 பேரிங்கில் 13 முதல் 28 மைக்ரான் வரை. கிராங்கில் இறுக்கமாக ஏற்றும்போது உள்வளையம் சற்று விரிகிறது. இன்ஜின் சூடேறும்போது அது மேலும் விரிகிறது. அந்த விரிவுக்கு இடம் வேண்டுமென்றால், தயாரிப்பாளர் சி3 கேட்டிருக்கும் இடத்தில் சி3தான் போட வேண்டும். கையில் ஆட்டிப் பார்த்து "இது லூஸாக இருக்கிறது" என்று சி3 பேரிங்கைத் திருப்பிக் கொடுப்பவர்களைக் கடையிலேயே பார்த்தேன். இன்னொன்று, இன்ஜினுக்குள் போகும் பேரிங் பெரும்பாலும் இருபுறமும் திறந்ததாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு ஆயில் இன்ஜினிலிருந்துதான் வருகிறது. ரப்பர் மூடி போட்டது சக்கரத்துக்குரியது.

இங்கே உதிரிச் சாமான்கள் தாய்லாந்திலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்து சேர்பவை. பெயர் பெற்ற பேரிங் நிறுவனங்களின் டப்பாவை அச்சு அசலாகப் போலியாக அச்சிட்டு விற்பது உலகம் முழுவதும் நடக்கிறது. எங்கள் சந்தை அதற்கு விதிவிலக்காக இருக்க முடியாது. அண்ணன் டப்பாவைப் பார்த்து எதையும் நம்புவதில்லை. வளையத்தின் மேல் பொறித்த எழுத்து ஒரே ஆழத்தில், ஒரே தெளிவில் இருக்கிறதா, துருத்தடுப்பு எண்ணெய் முழுவதும் பூசியிருக்கிறதா, ரிவெட்டுகள் ஒரே சீராக இருக்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தார். வெர்னியரால் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் அளந்தார். ஒன்றைத் திருப்பி அனுப்பினார். அதற்கு மாற்று வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகியது. வண்டி இல்லாமல் அவ்வளவு நாள் இருப்பது எங்கள் வீட்டுக்குச் சிரமம்தான். இருந்தாலும் போலிப் பேரிங்கைப் போட்டு மறுபடியும் கேஸைப் பிரிப்பதைவிட அந்தக் காத்திருப்பு மேல் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

இனி, இந்தப் பட்டறையை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் வேலைக்கு வருகிறேன். இவ்வகை இன்ஜின்கள் பலவற்றில் கியர் ஷாஃப்டின் ஒரு முனையைப் பேரிங்கும் மறுமுனையை புஷ்ஷும் (குண்டில்லாத வழவழப்பான உலோக வளையம்) தாங்கும். அந்தப் பேரிங் கேஸில் உள்ள குழிக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். சில இடங்களில் குழிக்குப் பின்னால் துளை கிடையாது என்பதால் பின்னாலிருந்து தட்டவும் வழியில்லை. பல பட்டறைகளில் உளியை உள்வளையத்தில் கொடுத்து நெம்புவார்கள், அல்லது வெளிப்புறத்தைச் சுத்தியலால் அடிப்பார்கள். இங்கே கேஸைச் சூடாக்குகிறார்கள். அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதே இதன் அடிப்படை. 40 மில்லிமீட்டர் குழி கொண்ட கேஸை 30 டிகிரியிலிருந்து 110 டிகிரிக்குக் கொண்டுபோனால், குழி ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் அகலும்; கூடவே சூடேறும் பேரிங் அதில் பாதியளவுதான் விரியும். பேரிங்கைப் பிடித்திருந்த இறுக்கம் இந்த வித்தியாசத்தைவிடக் குறைவாக இருந்தால், பிடி விட்டுவிடும்.

அன்று மின்சாரம் இல்லை. அதனால் கரி அடுப்பின் மேல் தடித்த இரும்புத் தகட்டைப் போட்டு, அதன் மேல் கேஸின் பாதியை வைத்து, மேலே ஒரு தகரத்தால் மூடினார்கள். தீ நேரடியாக எங்கும் படவில்லை; ஓரிடத்தில் மட்டும் தீ பட்டால் கேஸ் கோணிக்கொள்ளும். அண்ணன் அவ்வப்போது தகரத்தைத் தூக்கி, ஒரு துளித் தண்ணீரைக் கேஸின் மேல் விட்டுப் பார்த்தார். துளி மெதுவாக ஆவியானபோது மூடிவிட்டார். விழுந்த கணமே சீறிக் காய்ந்தபோது எடுத்துவிட்டார். தடித்த கையுறையோடு கேஸைத் திருப்பி, மரப்பலகையின் மேல் முகம் கீழாக ஒரே ஒரு தட்டுத் தட்டினார். பழைய பேரிங் "டக்" என்று பலகையில் விழுந்தது. நெம்பவும் இல்லை, இழுக்கவும் இல்லை. குழியின் சுவரில் ஒரு கோடுகூட விழவில்லை.

புதுப் பேரிங் இறங்கியதும் அதே வழியில்தான். மின்சாரம் உள்ள நாளில் அதைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு ஃப்ரீசரில் வைத்திருப்பார்களாம். அப்படி வைத்தால் அது இன்னும் 0.02 மில்லிமீட்டர் சுருங்கும். மின்சாரம் இல்லாத நாளில் கேஸின் சூடு மட்டுமே போதுமானதாக இருந்தது என்பதை என் கண்ணால் பார்த்தேன். சூடான குழியில் பேரிங்கை நேராகப் பிடித்து விட்டதும் அது தானாகவே அடி வரை போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த சில நொடிகளில் கேஸின் சூடு பேரிங்குக்கு ஏறி அதுவும் விரிந்து இறுகிவிடும் என்பதால், கோணலாக விழுந்தால் திருத்துவதற்கு நேரம் கிடைக்காது. அதற்காகவே வெளிவளையத்தின் அளவுக்கு ஒரு பித்தளைக் குழாயைக் கையில் தயாராக வைத்திருந்தார். கேஸுக்குள் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும் தள்ள வேண்டும். ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும் தள்ள வேண்டும். மாற்றித் தள்ளினால் அந்த விசை முழுவதும் குண்டுகளின் வழியாகவே கடந்து, வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களைப் பதித்துவிடும். அந்தப் பேரிங் அன்றே பழையதாகிவிடும். இதைச் சொல்லாத மெக்கானிக் இல்லை. ஆனால் கேஸ் குளிர்ந்துவிட்ட அவசரத்தில் உள்வளையத்தில் ஒரு அடி போடாதவர்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

கிராங்க் இன்னும் நுட்பமான வேலை. சில இன்ஜின்களில் கிராங்க் பேரிங்குகள் கேஸில் இறுகியிருக்கும். என்னுடையதில் இரண்டும் கிராங்கோடு சேர்ந்தே வந்தன. அவற்றை எடுக்க, பேரிங்குக்கு அடியில் செருகும் இரட்டைத் தகட்டுப் புல்லரைப் பயன்படுத்தினார்கள். இந்த வண்டிகளின் கிராங்க் ஒரே வார்ப்பு கிடையாது. இரண்டு தட்டுகளை நடுவில் ஒரு பின் இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதன் ஒரு முனையில் பிரஸ்ஸால் அழுத்தினால், பேரிங் ஏறுகிறதோ இல்லையோ, இரு தட்டுகளும் நெருங்கிக் கிராங்க் கோணிவிடும். ஆகவே புதுப் பேரிங்கை அழுத்தாமல், ஆயில் நிறைந்த சட்டியில் தொங்கவிட்டு 100 டிகிரி அளவுக்குக் காய வைத்து, கிராங்கின் மேல் வழுக்கி விட்டார்கள். 120 டிகிரிக்கு மேல் போனால் எஃகின் கடினம் குறையத் தொடங்கும் என்பதால், சட்டியில் ஒரு வெப்பமானியும் நின்றது. சட்டியின் அடியைப் பேரிங் தொடக் கூடாது என்று அதைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருந்ததை நான் குறிப்பாகப் பார்த்தேன்.

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் குண்டு கிடையாது, ஊசி ரோலர்கள்தான். அதையும் கையோடு சோதித்தார்கள். பக்கவாட்டில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையும் இடைவெளி இவ்வகைச் சிறு இன்ஜின்களில் புதிதில் 0.10 முதல் 0.35 மில்லிமீட்டர் வரை இருக்கும், 0.60 வரை பொறுத்துக்கொள்ளலாம். மேலும் கீழும் ஆட்டம் 0.05ஐத் தாண்டக் கூடாது. என்னுடையது எல்லைக்குள் இருந்தது. அதனால் ராடு மாற்ற வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். மாற்றினால் அவர்களுக்குத்தான் கூலி. பின்னர் கிராங்கை வி வடிவக் கட்டைகளில் கிடத்தி, நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜின் முனையை ஷாஃப்டில் பொருத்தி, கையால் மெதுவாகச் சுற்றினார்கள். முள் சற்றே கூடுதலாக ஆடியது. அண்ணன் தட்டில் சாக்கட்டியால் ஒரு புள்ளி வைத்து, பித்தளைச் சுத்தியலால் அந்த இடத்தில் ஓர் அடி அடித்தார். திரும்பச் சுற்றியபோது முள் 0.03க்குள் அடங்கியது. பட்டறையில் சுத்தியல் தன் முழு மதிப்போடு பயன்பட்டது அந்த ஓரிடத்தில்தான்.

திரும்பப் பூட்டும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆயில் சீல்கள், ஓ ரிங்குகள், பேக்கிங்குகள் எல்லாம் புதிது. பழையதை மறுபடி போடும் வழக்கம் இங்கே கிடையாது. ஆயில் போகும் துளைகளைக் காற்றடித்து, பம்ப்பின் வலையையும் கழுவினார்கள். உதிர்ந்த எஃகுத்தூள் அங்கே ஒளிந்திருந்தால் புதுப் பேரிங்கும் பழையதன் கதிக்கே ஆளாகும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் சிறுகச் சிறுக இறுக்கி, கடைசியில் முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சில் 10 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் ஊற்றிய ஆயிலைச் சிறிது தூரம் ஓட்டியதும் இறக்கி, மறுபடியும் காந்தம் வைத்துப் பார்த்துவிட்டே வண்டியைக் கொடுத்தார்கள். கிளட்ச் இதே ஆயிலில் நனைந்தபடி ஓடும் வண்டிகளுக்கு ஜப்பானியத் தரக் குறியான ஜாசோ எம்ஏ என்று டப்பாவில் குறித்த ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தார்கள்.

இப்போது குறைகள். மாற்றிய சாமான்களுக்கு ஒழுங்கான பில் கிடையாது. ஆயில் பெயரை எழுதித் தந்தவர்கள் பேரிங் எண்களையும், அளந்த அளவுகளையும் எழுதித் தந்திருக்கலாம். அடுத்து இன்னொரு மெக்கானிக் இந்த வண்டியைத் தொடும்போது அந்தத் தாள் மிகவும் உதவும். நான் கேட்ட பிறகே சிறுவன் ஒருவன் பழைய அட்டையின் பின்புறம் குறித்துக் கொடுத்தான். வேலை நடக்கும் மேசைக்கு மேலே கூரையில் ஒரு பொத்தல் உண்டு. மழை பெய்தால் திறந்த கேஸின் மேல் பிளாஸ்டிக் விரித்து மூடிவிட்டுக் காத்திருக்கிறார்கள். இவ்வளவு சுத்தம் பார்க்கிறவர்கள் அந்தக் கூரையைச் சரிசெய்யாமல் விட்டிருப்பது எனக்கு வருத்தமே. கிக் ஸ்டார்ட்டரின் சுருள் வில்லையும் அந்த நேரத்திலேயே மாற்றியிருக்கலாம்; அதற்காக இன்னொரு முறை கேஸைத் திறக்க நேர்ந்தால் அது வீண் செலவு. இன்ஜினைத் திறந்த நிலையில் சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு சிறு சாமானையும் வாடிக்கையாளரிடம் கேட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. நாள் குறித்துச் சொல்வதிலும் அவர்கள் தெளிவாக இல்லை. "சாமான் வந்ததும் சொல்றேன்" என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது, தொலைபேசியில் கூப்பிட்டால் எடுப்பதும் அரிது.

கூலி பேரிங்குகளின் மொத்த விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆயிற்று. ஊரில் மற்றவர்கள் கேட்பதைவிட இது கூடுதல் என்பது உண்மை. ஆனால் இந்த வேலையில் விலைக்கு வாங்குவது பேரிங்கை மட்டும் என்று நினைத்தால்தான் அது அதிகமாகத் தெரியும். சோதனை, பிரிப்பு, அளவு, சூடு, பொறுமை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு அது நியாயமான தொகையாகவே படுகிறது. பேரம் பேச இடமில்லை. பாதிப் பணத்தைச் சாமான் வாங்குவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

வண்டி இப்போது "வா" என்னும் ஊர்ப் பக்கம் வரை மூட்டையோடு போய்வருகிறது. உறுமல் இல்லை, கால் கம்பியில் அதிர்வும் இல்லை. அடுத்தடுத்த ஆயில் மாற்றங்களில் வடித்த துணியில் காந்தத்துக்கு ஒட்டும்படி எதுவும் கிடைக்கவில்லை; முதல் மாதங்களில் இந்தச் சோதனையைத் தவறவிட வேண்டாம் என்று அண்ணனே சொல்லியிருக்கிறார்.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். வண்டியை இன்ஜின் ஆறிய நிலையில் காலையில் கொண்டுபோனால், குளிர்ந்த இன்ஜினின் சத்தத்தையும் சூடான இன்ஜினின் சத்தத்தையும் அவர் ஒப்பிட்டுக் கேட்க முடியும். கடைசியாக இறக்கிய ஆயிலை ஒரு புட்டியில் எடுத்துச் சென்றால் அதையும் பார்த்துச் சொல்வார். பழைய பேரிங்குகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் மறுப்பதில்லை. ஏப்ரல் தண்ணீர்த் திருவிழா நாட்களிலும், கோயில் தீமிதி நடக்கும் வாரத்திலும் பட்டறை மூடியிருக்கும். மே மாதம் மழை தொடங்கிவிட்டால் தண்ணீர் புகுந்த வண்டிகளின் வரிசை நீண்டுவிடும் என்பதால், சத்தம் கேட்கத் தொடங்கிவிட்ட வண்டியை மாசி, பங்குனிக்குள் கொண்டுபோய்விடுவது நல்லது.